குஷன்காரர் நடித்த ஒரே படம்

எங்கள் தெருவில் அவருக்குக் குஷன்காரர் என்றுதான் பெயர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கோர்ட்டில் அதைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே அவருடைய சோபா ரிப்பேர் கடை. முன்னறையில் வேலை. பின்னறையில் ஃபோம் அட்டைகளும் ரெக்ஸின் சுருள்களும். ஒல்லியான மனிதர், ஐம்பத்திரண்டு வயது. வேலை நேரத்தில் நாலைந்து சின்ன ஆணிகளை உதட்டில் கடித்துக்கொண்டிருப்பார். அதனால்தான் பேச்சு குறைவு என்று முதல் இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆணி இல்லாதபோதும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

சோபாவைப் பிரித்தால் உள்ளே என்னவெல்லாம் இருக்கும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. சீப்பு, பேனா மூடி, சாவி, ஒற்றைத் தோடு, விளையாட்டுக் காரின் சக்கரம், யாரோ யாருக்கோ எழுதிக் கொடுக்காமல் விட்ட கடிதம். எது கிடைத்தாலும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வீட்டுக்காரர் பெயரை எழுதி, சோபாவோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கடிதத்தைப் பிரித்துப் படித்ததில்லை. "அது சோபா ரிப்பேர்ல வராது" என்பார்.

அப்படி ஒரு கவர்தான் அவரைச் சினிமாவுக்குள் இழுத்தது. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தன் அம்மாவின் பழைய சோபாவைக் கொண்டுவந்தாள். திருப்பிக் கொடுக்கும்போது கவருக்குள் ஒரு மோதிரம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அது காணாமல் போனபோது வீட்டு வேலை செய்த அம்மாள்மேல் பழி போட்டு அனுப்பியிருந்தார்களாம். அந்தப் பெண் கவரைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே வெகுநேரம் நின்றாள். பிறகு அந்த அம்மாளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு வருஷம் கழித்து அவள் டைரக்டராகத் திரும்பி வந்தாள். கையில் ஒரு கதை. சோபா ரிப்பேர் செய்யும் ஒரு சாதாரண மனிதன் சோபாவுக்குள் கிடைத்த ஒரு பொட்டலத்தை நல்ல மனதோடு உரியவரிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறான். உரியவன் ஒரு கொள்ளைக் கூட்டத் தலைவன். இவ்வளவு நேர்மையான ஆளை விடக்கூடாது என்று தலைவன் இவனைக் கூட்டத்தில் சேர்த்து, கொள்ளையடித்ததைச் சோபாவுக்குள் வைத்துத் தைக்கச் சொல்கிறான். பாதிப் படம் சிரிப்பு, பாதிப் படம் நடுக்கம்.

கதாநாயகனாக நடிக்க வந்த பையன் குஷன்காரரிடம் பத்து நாள் தொழில் கற்றுக்கொண்டான். எட்டு விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். பதினோராம் நாள் ஒரு டிவி தொடரில் வாய்ப்பு வந்து சொல்லாமல் போய்விட்டான். அன்று சாயங்காலம் டைரக்டர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நீங்களே நடிச்சுடுங்க."

"எனக்கு நடிக்கல்லாம் வராதும்மா."

"நடிக்க வேணாம். நீங்க பாட்டுக்கு சோபாவைப் பிரிங்க. கேமரா பாட்டுக்கு ஓரமா நிக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். எத்தனையோ பேர் கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் தினமும் பார்க்கிறவர், எதற்கும் பதறமாட்டார். "போங்க. என்ன ஆகிடப்போகுது? வசனத்தை நான் மனப்பாடம் பண்ண வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

படப்பிடிப்பு இருபத்து மூன்று நாள், பெரும்பாலும் அவர் கடையிலேயே. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அவர் டைரக்டரிடம் ஏன் என்று கேட்பார். முதல் நாளே கேட்ட கேள்வி: "இவன் ஏன்மா நேரா போலீஸ்கிட்ட போகல?"

"போனா படம் அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்ணே."

அந்தப் பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை. ஆனாலும் நடித்தார். நடித்தார் என்பதைவிட, கேமரா இருப்பதை மறந்து வேலை பார்த்தார் என்று சொல்லலாம். கொள்ளையர்கள் கழுத்தில் கத்தி வைக்கும் காட்சியில், வில்லன் உட்கார்ந்திருந்த சோபா ஒரு பக்கம் சாய்ந்திருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. கத்தி கழுத்தில் இருக்க, காலால் ஒரு மரத்துண்டைத் தள்ளி அடியில் முட்டுக் கொடுத்தார். யாரும் சொல்லிக்கொடுக்காதது. அதை அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார்கள்.

படத்தின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெரிய கதாநாயகன் ஒருவரின் படம் வந்த அதே வாரத்தில், ஒரே ஒரு தியேட்டரில், காலைக்காட்சியாக மட்டும் வந்தது. முதல் நாள் நான் போனேன். மொத்தம் பதினேழு பேர். அதில் ஒன்பது பேர் எங்கள் தெரு. சிரிக்க வேண்டிய இடத்தில் பயமாக இருந்தது, பயப்பட வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் வெளியே வந்தபோது அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். குஷன்காரர், "அந்த மூணு சீட்டர் சோபா நல்லா வந்திருக்கு இல்ல?" என்று கேட்டார்.

நாலாம் நாளோடு படத்தை எடுத்துவிட்டார்கள். டைரக்டர் கடைக்கு வந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு, வேறு ஊரில் மறுபடி கல்யாண வீடியோ எடுக்கப் போனாள். இவர் மறுநாள் ஷட்டரைத் தூக்கி, உதட்டில் ஆணியைக் கடித்துக்கொண்டார். ஒன்றரை வருஷம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அப்புறம் அந்த வியாழக்கிழமை வந்தது.

அந்த வாரம் தெரு முழுக்க ஒரே பேச்சு. பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாளின் வீட்டில் பட்டப்பகலில் பூட்டை உடைத்து, முப்பது வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த நகை மொத்தத்தையும் எடுத்துப் போய்விட்டார்கள். நகைகளின் படம் போட்ட போலீஸ் அறிவிப்பை நான்தான் இருநூறு பிரதி எடுத்துக் கொடுத்தேன். மூன்று இலை வைத்த ஒரு பதக்கம் அதில் பெரிதாகத் தெரியும். ஒரு பிரதியைக் குஷன்காரரின் ஷட்டரிலும் ஒட்டியிருந்தார்கள். ஷட்டரைத் தூக்கினால் அறிவிப்பும் சுருண்டு மேலே போய்விடும். அதனால் கடை திறந்திருக்கும் நேரத்தில் அதை யாரும் பார்க்க முடியாது.

பதினோரு மணி இருக்கும். ஒரு வேன் வந்து நின்றது. நீலச் சட்டைக்காரன் ஒருவனும் தாடிக்காரன் ஒருவனும் ஒரு பழைய இரட்டை சோபாவை இறக்கினார்கள். தாடிக்காரன் இவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே! நீங்கதானா? உங்க படம் போன்ல பார்த்தேன்ணே. நாலு தடவை பார்த்துட்டேன்!"

எதிர்க்கடையில் இருந்த என்னைக் கூப்பிட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னார்கள். நடுவில் குஷன்காரர், இரண்டு பக்கமும் அவர்கள். பத்தொன்பது வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. போட்டோவை எடுத்துவிட்டு, கொஞ்சம் பொறாமையோடுதான் கடைக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு உள்ளே நடந்ததை அவர் சொல்லியும் கோர்ட்டில் கேட்டும்தான் தெரிந்துகொண்டேன்.

நீலச் சட்டைக்காரன் ஒரு பிஸ்கட் டப்பாவை மேஜைமேல் வைத்தான். "இதை சோபாவுக்குள்ள வெச்சுத் தைக்கணும். நாளைக்கு வீட்டுச் சாமானோட லாரியில வெளியூர் போகுது. வழியில போலீஸ் பெட்டியைத் திறந்து பார்ப்பாங்க, சோபாவைப் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க. படத்துல வெச்சீங்களே, அதே மாதிரி."

குஷன்காரர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவர்கள் சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்தார். மேலாகவே அந்த மூன்று இலைப் பதக்கம்.

"இது என்னால முடியாதுப்பா. எடுத்துட்டுப் போயிடுங்க."

"அக்கா லேப்ல ரெண்டு மணி வரைக்கும் இருப்பாங்க இல்ல?" என்றான் நீலச் சட்டைக்காரன், ரொம்ப மரியாதையாக. "பச்சைக் கைப்பை. அந்த மெடிக்கல் கடை முக்கு வழியாத்தான் நடந்து வருவாங்க. நேத்துப் பார்த்தோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லையாம், கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாராம். பிறகு மாட்டிக்கொண்டு, சோபாவைக் கவிழ்த்துப் போட்டு அடித்துணியைக் கிழித்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு மணி ஆகும்."

"படத்துல பத்து நிமிஷத்துல முடிச்சீங்களே!"

"அது எடிட்டிங் தம்பி."

நீலச் சட்டைக்காரன் முறைத்தான். குஷன்காரர் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். மரம் உள்ளே பொத்தலாக இருந்தது. "பாரு, வண்டு அரிச்சிருக்கு. இதுமேல டப்பாவை அப்படியே வெச்சா லாரி குலுங்குறப்போ கலகலன்னு சத்தம் கேக்கும். ஒவ்வொண்ணையும் தனித்தனியா பஞ்சுல சுத்தணும். ஸ்பிரிங்குக்குக் கீழே புதுப் பட்டை அடிக்கணும். பசை காய முக்கால் மணி நேரம். அவசரம்னா வேற கடைக்குப் போங்க." இவை எல்லாமே நிஜம் என்பதுதான் விசேஷம். அவருக்குப் பொய் சொல்ல வராது. அதனால் நேரத்தை இழுக்கவும் உண்மையையே பயன்படுத்தினார்.

இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் ஒவ்வொரு நகையாக எடுத்துப் பஞ்சில் சுற்றினார். முப்பத்திரண்டு உருப்படி. எது எப்படி இருந்தது, எந்த வளையலில் எந்தக் கல் உதிர்ந்திருந்தது என்று பிற்பாடு போலீஸிடம் வரிசை தப்பாமல் சொன்னார்.

வேலை நடக்கும்போது தாடிக்காரன் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். எந்த இடத்தில் சிரித்தான், எந்த இடத்தில் கண் கலங்கினான், கடைசிக் காட்சியில் அந்த மனிதன் வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்து போகும்போது பின்னால் ஏன் பாட்டு இல்லை. ஒன்றரை வருஷமாக ஒருவர்கூடக் கேட்காத கேள்விகள். குஷன்காரர் குனிந்து ஆணி அடித்தபடியே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

சரியாக ஒரு மணிக்கு போன் அடித்தது. தினமும் அந்த நேரத்தில் அவர் மனைவி, சாப்பிட்டாச்சா என்று கேட்பார். எடுக்காவிட்டால் நேரில் வந்து நிற்பார்.

"எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. ஏதாவது தப்பாப் பேசினீங்கன்னா..." என்றான் நீலச் சட்டைக்காரன்.

படத்துக்காக எடுத்து, நீளம் கருதி வெட்டிப் போட்ட ஒரு காட்சி உண்டு. கொள்ளையர்கள் நடுவில் மாட்டிக்கொண்ட கதாநாயகன் மனைவிக்குப் போன் செய்து, இல்லாத ஒரு சின்னம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பான். ஆஸ்பத்திரி என்றால் போலீஸ் ஸ்டேஷன். வாங்கிப் போகச் சொல்லும் பழத்தின் எண்ணிக்கைதான் எதிரே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை. வேறு எந்த வசனத்தைச் சொல்லியிருந்தாலும் நாலு தடவை பார்த்த தாடிக்காரன் அடுத்த வரியைத் தானே சொல்லியிருப்பான். இது படத்தில் இல்லாத வசனம். உலகத்தில் இதை மனப்பாடமாக அறிந்தவர்கள் டைரக்டரைச் சேர்த்து மூன்றே பேர்.

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. சின்னம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். நீ போய்ப் பார்த்துட்டு வந்துடு."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. இவளுக்கு ஞாபகம் இல்லையென்றால்? எந்தச் சின்னம்மா என்று கேட்டுவிட்டால்?

"ஐயோ பாவம்," என்றார் மனைவி. "எந்த ஆஸ்பத்திரி?"

"பழைய ஆஸ்பத்திரிதான்."

"பழம் வாங்கிட்டுப் போகட்டுமா?"

வெட்டிய காட்சியில் இந்த இடத்தில் பதில், மூணு. "ரெண்டு போதும்," என்றார் இவர்.

"சரி. நீங்க கடையிலதானே இருப்பீங்க?"

"கடையிலதான். நாலு மணி வரைக்கும் வேலை இருக்கு."

போனை வைத்தார். தாடிக்காரன், "சின்னம்மாவுக்கு என்னண்ணே?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தான். "வயசாயிடுச்சு," என்றார். அன்று அவர் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். சின்னம்மாவைச் சேர்த்தால் இரண்டு.

அவர் மனைவி வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்டேஷனுக்கு ஓடினார், பின்வாசல் வழியாக. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். முழுக்கக் கேட்டுவிட்டு, "எந்தப் படம்னு சொன்னீங்க? கேள்விப்பட்டதே இல்லையே" என்றாராம்.

"யாருமே கேள்விப்படலைங்க மேடம். அதுதான் இப்போ நல்லதாப் போச்சு."

சப்-இன்ஸ்பெக்டர் அரை நிமிஷம் யோசித்தார். பிறகு தன் நாற்காலியிலிருந்து எழுந்து, "இதையே தூக்குங்க" என்றார். ஓரம் கிழிந்து ஃபோம் பிதுங்கிய நாற்காலி அது.

மூன்றேகால் மணிக்கு அவர் மனைவி என் கடைக்குள் வந்து, அடையாள அட்டையை நீட்டி, "அண்ணே, இதை ஒரு ஜெராக்ஸ் போடுங்க. எதிர்ப்பக்கம் பார்க்காதீங்க" என்றார். அட்டையைத் தலைகீழாக நீட்டியிருந்தார். பதறாத மனுஷி. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஏதோ விபரீதம் என்று தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்காக ஜெராக்ஸ் போட்டேன். பதினோரு பிரதி போட்டிருக்கிறேன்.

எதிரே, சாதாரண உடையில் ஒரு அம்மாள் இரண்டு கூலியாட்களோடு வந்து நாற்காலியை இறக்கினார். "என்னங்க, இதுக்கு மேல்துணி மாத்தித் தருவீங்களா? உட்காரவே முடியல." குஷன்காரர் கடைசித் தையலில் இருந்தார். நிமிர்ந்து நாற்காலியைத்தான் பார்த்தார், ஆட்களைப் பார்க்கவில்லை. "வைங்க. இதை முடிச்சுட்டுப் பார்க்குறேன்." நீலச் சட்டைக்காரன் வழிவிடுவதற்காக எழுந்தான். எழுந்தவனின் இரண்டு தோளிலும் கூலியாட்களின் கை விழுந்தது. தாடிக்காரன் ஓடவே இல்லை. வாயைத் திறந்தபடி குஷன்காரரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அந்தச் சின்னம்மா... அது படத்துல இல்லையே?"

"எடுத்தோம். வெட்டிட்டாங்க."

"நல்ல சீன்ணே," என்றான், கையில் விலங்கு மாட்டும்போது.

ஒரு போலீஸ்காரர் சோபாவைக் கிழிக்கக் கத்தியை எடுத்தார். குஷன்காரர் தடுத்து, "துணி வீணாயிடும்" என்று வளைஊசியால் தன் தையலைத் தானே முடிச்சு முடிச்சாகப் பிரித்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார். டப்பா கைமாறிய பிறகு, வளைஊசியைக்கூடக் கீழே வைக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மனைவி தெருவைக் கடந்து போய் அவர் பக்கத்தில் நின்று, அவர் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வழக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. சாட்சி சொல்ல நாலு முறை கடையை அடைத்துவிட்டுப் போனார். நான் எடுத்த அந்தப் போட்டோவும் சாட்சியமாகியிருந்தது. ஒருநாள் எதிர்த்தரப்பு வக்கீல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "நீங்க ஒரு நடிகர்தானே? இங்கேயும் நடிக்கிறீங்கன்னு நான் சொன்னா?"

"நடிச்சிருக்கேங்க," என்றார் இவர். "நல்லா நடிச்சேன்னு இதுவரைக்கும் சொன்ன ஒரே ஆள், அதோ அந்தக் கூண்டுல நிக்கிறாரு."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தாடிக்காரனும் சிரித்தான். இருவருக்கும் தண்டனை கிடைத்தது, தாடிக்காரனுக்குக் கொஞ்சம் குறைவாக. நர்ஸ் அம்மாளுக்கு முப்பத்திரண்டு உருப்படியும் திரும்பக் கிடைத்தன.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் அவர் கடையில் அவரும் மனைவியும் நானும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு ரொம்பப் பயந்துட்டீங்களா என்று கேட்டேன்.

"பயம்தான். ஆனா ஒண்ணு சொல்லணும். அவன் நாலு தடவை பார்த்தேன்னு சொன்னப்போ சந்தோஷமா இருந்துச்சு. டப்பாவைத் திறந்து பார்த்த பிறகும் அந்த சந்தோஷம் முழுசாப் போகல. அந்தம்மாவோட நகையைக் கையில வெச்சுக்கிட்டு, அவன் படத்தைப் பத்திப் பேசறதை ஆசையாக் கேட்டுட்டு இருந்தேன். அதை நினைச்சா கூசுது."

அவர் மனைவி தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானும் நாலு தடவை பார்த்தேன். முதல் நாள் உங்களோட. மீதி மூணு நாள் லேப்ல அரை நாள் லீவு போட்டுட்டுத் தனியாப் போனேன். கடைசி நாள் தியேட்டர்ல நான், டிக்கெட் கிழிக்கிறவர், ரெண்டே பேர். எப்படி இருந்துச்சுன்னு என்கிட்ட ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் இப்படி விழித்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?"

அவர் மனைவி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் காட்சியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டேன்.